கூடுவிட்டுக் கூடு பாய்தல்

திருமூலர் கதையை அறியாத தமிழர் சிலரே இருப்பர். மேய்ப்பன் மூலன் புல்வெளியில் இறந்து கிடக்கிறான். பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கண்ணீர் வடிக்கின்றன. வழியே வந்த யோகியார் தமது உடலை ஓரிடத்தில் ஒளித்து வைத்துவிட்டு மூலன் உடலுட் புகுந்து பசுக்களை வீட்டுக்கு ஓட்டிச் செல்கிறார். பக்தர்கள் இக்கதையிற் சித்தின் பெருமையைக் காண்பர். நாம் காண்பது வேறு. பொழுது சாய்கிறது, மாடுகள் வீடு சேர வேண்டும், வேலை நிற்கக்கூடாது என்பதே அந்த யோகியாரைச் சித்துக்குத் தூண்டிய கவலை. பால் கறக்கவேண்டிய வீடுகள் பல காத்திருந்திருக்கும் அல்லவா?

கெலிஓயாவிலும் சென்ற ஆண்டு அத்தகைய கவலை ஒன்று பிறந்தது. மாடுகளுக்குப் பதிலாகக் கரட்டும் லீக்ஸும் கோவாவும். மூலன் உடலுக்குப் பதிலாக 1955ஆம் ஆண்டில் பதிவுசெய்யப்பட்ட ஒரு மொரிஸ் மைனர் பிக்கப் வண்டி.

பேராதனையிலிருந்து கம்பளை செல்லும் பெருவழியில் மகாவலி கங்கையை அண்டிக் கிடக்கும் சிறு பட்டினம் கெலிஓயா. சிங்களவர், முஸ்லிம்கள், தோட்டங்களிலிருந்து இறங்கி வந்து கடைகளிலும் கராஜ்களிலும் தொழில் தேடிக்கொண்ட மலையகத் தமிழர் ஆகிய மூவரும் ஒரே தெருவில் வியாபாரம் செய்யும் இடம். எமது அயலவர் ஒருவர் அங்கே மரக்கறி வியாபாரி. வாரத்தில் மூன்று நாள் நுவரெலியாப் பக்கம் ஏறி மரக்கறி கொண்டுவந்து இறக்குவார். அவருடைய தந்தையார் வாங்கிய வண்டி இது. வண்டியின் எஞ்சின் முடிவாகக் கைவிட்டபோது, வேறு எஞ்சினும் வேறு கியர்பொக்ஸும் பொருத்துவதென்று தீர்மானம் ஆயிற்று. அந்த வேலை நடந்த நாட்களில் மாலைதோறும் கராஜுக்குச் சென்று ஒரு பழைய டயரின்மேல் அமர்ந்து பார்த்திருந்தோம். பார்த்தவற்றையும், பார்த்தபோது எழுந்த எண்ணங்களையும் இங்கே எழுதுகிறோம்.

வண்டியின் பதிவுப் புத்தகத்தை முதலில் வாங்கிப் பார்த்தோம். வரலாற்று மாணவர்கள் ஆவணக் காப்பகங்களிற் கிடந்து தேடும் செய்திகள் சில வேளைகளில் ஒரு மோட்டார் வண்டிப் புத்தகத்திலேயே கிடைத்துவிடும். முதல் உரிமையாளர் ஆங்கிலேயர் கம்பனி ஒன்றுக்குச் சொந்தமான தேயிலைத் தோட்டம். இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்து. 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய வண்டி அல்லவா! மறு ஆண்டில் அந்த ஓர் எழுத்தின் பொருட்டு வடக்கில் எழுந்த கிளர்ச்சியும், தெற்கில் அதற்கு எழுந்த எதிர்வினையும், பின் நிகழ்ந்த கலவரமும் இந்தத் தகட்டைத் தொடவில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது வண்டியும் அரசுடைமை ஆயிற்று. பின்னர் ஏலம்; ஒரு பேக்கரிக்காரர்; அவரிடமிருந்து எமது அயலவரின் தந்தையார்.

புத்தகத்தில் இல்லாத ஒரு பெயரும் உண்டு. தோட்டத்தில் அவ்வண்டியை முதலில் ஓட்டிய சாரதியின் பெயர் அது. துரையின் தப்பாலையும் சம்பளப் பணத்தையும், சில வேளைகளில் பிரசவ வேதனையுற்ற பெண்களையும் ஏற்றி இறக்கிய அம்மனிதர் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார் என்று அயலவர் சொன்னார். 5,25,000 மனிதரை அங்கே அனுப்புவது, 3,00,000 பேரை இங்கே வைத்துக்கொள்வது, மிகுந்த 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வது என்று இரு தலைநகரங்களுக்கிடையே எண்ணிப் பிரித்த கணக்கில் அவரும் ஓர் இலக்கம். வண்டிக்குப் பதிவு இருந்தது. ஓட்டியவருக்குக் குடியுரிமை இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகையது.

நிற்க. எஞ்சினைப் பற்றிச் சொல்வோம்.

803 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 30 குதிரை வலுவும் உடையது பழைய எஞ்சின். கால் தொன், அதாவது ஏறத்தாழ 250 கிலோ சுமை ஏற்றுவதற்கென்றே அந்த வண்டியை இங்கிலாந்தில் செய்தார்கள். மலைநாட்டு மரக்கறிக்காரர் எவரும் 250 கிலோவுடன் நிற்பதில்லை. எழுபது ஆண்டுகள் ஏற்றம் ஏறியதில் சிலிண்டர்கள் தேய்ந்தன, கடைந்து பெருப்பித்தார்கள், மீண்டும் தேய்ந்தன, மீண்டும் கடைந்தார்கள். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் அறுபது பங்கு வரை கடையலாம்; அதற்குமேல் அளவான பிஸ்டன் கிடைப்பது அரிது, சுவரும் மெலிந்துவிடும். இந்த எஞ்சின் அந்த எல்லையை எட்டி எத்தனையோ காலம். குடித்த எண்ணெய்க்கும் கக்கிய புகைக்கும் கணக்கில்லை.

2022ஆம் ஆண்டு அதற்கு இறுதி அடி கொடுத்தது. அவ்வாண்டு யூன் மாதக் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. கெலிஓயாவிலும் பேராதனையிலும் நிரப்பு நிலையங்களின் முன்னே வண்டிகள் இரவு பகலாக வரிசையில் நின்றதை யாவரும் அறிவர். பின்னர் கியூஆர் அட்டை வந்தது, வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். 2023 செப்டெம்பரில் அந்தப் பங்கீடும் நீங்கியது. பங்கீடு நீங்கினாலும் பழைய விலை திரும்பவில்லை. புதிய வண்டி வாங்கலாம் என்றால், 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலேதான். திறந்தபோதும் தீர்வையோடு சேர்த்து வந்த விலை மரக்கறி வியாபாரியை நோக்கி நிர்ணயிக்கப்பட்ட விலை அன்று. ஆகவே எஞ்சின் மாற்றம் என்பது அவருக்கு விளையாட்டோ அலங்காரமோ அல்ல. தொழிலைத் தொடர்வதா விடுவதா என்னும் கேள்வி அது.

"புதிய எஞ்சின்" என்று கராஜில் எல்லோரும் சொன்னார்கள். பார்த்தால் அது நிசான் கம்பனியின் ஏ15. 1,488 கன சென்ரிமீற்றர். நாற்பது வயதான ஒரு வனெற் வானிலிருந்து கழற்றியது. கியர்பொக்ஸ் அதே காலத்துச் சன்னிக் காருடையது, ஐந்து வேகம் கொண்டது. வானின் சொந்தக் கியர்பொக்ஸை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டோம். வானில் சாரதி எஞ்சினுக்கு மேலே அமர்கிறார், ஆதலால் அதன் கியர்த் தடி நேரே மேலெழாமல் நீண்ட கம்பிகளின் வழியே வருகிறது. மொரிஸில் அது ஆசனத்துக்குப் பக்கத்தில் எழவேண்டும் என்று விளக்கினார்கள். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் இவ்வாறு வண்டிகளின் உறுப்புகள் தனித்தனியே மலைபோற் குவிந்து கிடக்கின்றன. ஜப்பானில் வண்டி பழையதாக ஆக, இரண்டாண்டுக்கொருமுறை கட்டாயப் பரிசோதனையில் தேற்றுவிக்கும் செலவு ஏறுகிறது, அவர்கள் கழிக்கிறார்கள், எமது துறைமுகத்தில் அது வந்திறங்குகிறது. செல்வ நாட்டின் கழிவு வறிய நாட்டின் நவீனம் ஆவது இப்படித்தான்.

ஆனால் இந்த நிசான் எஞ்சினுக்கும் மொரிஸ் வண்டிக்கும் உள்ள உறவுமுறை சுவையானது. 1952ஆம் ஆண்டு டிசம்பரில் நிசான் கம்பனி இங்கிலாந்தின் ஒஸ்டின் கம்பனியோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. அதன்படி ஒஸ்டின் ஏ40 காரையும் பின்னர் ஏ50 காரையும் ஜப்பானிற் கோத்தார்கள். கோப்பதோடு நில்லாமல் சில ஆண்டுகளுக்குள் எல்லா உறுப்புகளையும் உள்நாட்டிலேயே செய்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் கருத்து, செய்தும் காட்டினார்கள். ஒஸ்டினின் 1,489 கன சென்ரிமீற்றர் எஞ்சினைச் செய்த அதே பொறிகளைக் கொண்டு, பிஸ்டன் ஓடும் தூரத்தை மாத்திரம் குறைத்து 988 கன சென்ரிமீற்றர் எஞ்சின் ஒன்றை ஆக்கினார்கள்; டொனால்ட் ஸ்டோன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் கூறிய யோசனை அது. பத்தாண்டு கழியுமுன் 1966இல் சன்னிக் காரோடு தங்கள் சொந்த ஏ வரிசை எஞ்சினை வெளியிட்டார்கள். ஒஸ்டினிடம் கற்ற பாடம் அதிலே புலப்படும், நகல் அன்று. ஒஸ்டினின் சிறு எஞ்சினுக்கு இரும்புத் தலை, இதற்கு அலுமினியத் தலை. அதன் சுழல்தண்டு மூன்று இடங்களில் தாங்கப்பட்டது. இந்த ஏ15இன் தண்டோ ஐந்து இடங்களில். கற்றவன் ஆசிரியனின் குறையை அறிந்து திருத்திக்கொண்டான் என்றே சொல்லலாம்.

இந்தியாவில் நடந்தது வேறு. மொரிஸ் ஒக்ஸ்போர்ட் காரை அம்பாசடர் என்று பெயரிட்டு உத்தரபாராவில் 2014 வரை செய்தார்கள். சந்தைக்குப் பாதுகாப்பு இருந்தது, போட்டி இல்லை, ஆராய்ச்சிக்குச் செலவிட முதலாளிக்கு அவசியமும் இல்லை. 1985இல் பிரீமியர் கம்பனி பழைய ஃபியட் 124 உடலினுள் நிசானின் ஏ12 எஞ்சினை வைத்து 118 என்.ஈ. என்று விற்றது. 1990களின் தொடக்கத்தில் அம்பாசடரினுள்ளும் ஜப்பானிய இசுசு எஞ்சினும் ஐந்து வேகக் கியர்பொக்ஸும் புகுந்தன. ஆக, கெலிஓயாத் தகரக் கொட்டகையில் நாம் கண்ட வேலையையே பெருங் கம்பனிகள் பெருந் தொழிற்சாலைகளிற் செய்தன. அங்கே அதற்குப் பெயர் புதிய மாதிரி.

இலங்கையோ இரண்டு வழியையும் எடுக்கவில்லை. 1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இறக்குமதி அடைபட்டது. 1977இல் கதவு அகலத் திறந்தது. 2020இல் மீண்டும் அடைபட்டது. அடைபட்ட காலங்களில் செய்யும் ஆற்றல் வளரவில்லை. செப்பனிடும் ஆற்றல் வளர்ந்தது. அதை வளர்த்தவர் எந்த அமைச்சரும் அல்லர், எந்தத் திட்டக்குழுவும் அன்று. 1990களில் இங்கிலாந்தின் மொரிஸ் மைனர் அன்பர்களுக்காக உடற்தகடுகள் தென்னிலங்கைத் தொழிற்சாலையொன்றிற் செய்யப்பட்டுக் கப்பலேறின என்பது பலர் அறியாத செய்தி. எமது தொழிலாளியின் கை அவர்களுக்கு உகந்ததாயிருந்தது. எமது அரசாங்கங்களுக்கு மட்டும் அது கண்ணிற் படவில்லை.

கராஜின் தலைமைத் தொழிலாளரை நாம் இங்கே பாஸ் என்றே குறிப்போம். "பாஸ்" என்னும் சொல்லைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு: ஒல்லாந்தர் மொழியில் தலைவன் என்று பொருள்படும் இச்சொல் அமெரிக்காவுக்குச் சென்று ஆங்கிலத்திற் புகுந்து முதலாளியைக் குறித்தது. இலங்கைக்கு வந்த அதே சொல், சிங்களத்திலும் தமிழிலும், கையால் வேலை செய்யும் மேசனையும் தச்சனையும் மெக்கானிக்கையும் குறித்தது. இரண்டு பொருள்களுள் எமக்கு உகந்தது எதுவென்று சொல்லத் தேவையில்லை.

பாஸ் அறுபதைத் தாண்டிய முஸ்லிம் பெரியவர். அயலவர் அவரை "நானா" என்பார். அவர் அயலவரைத் "தம்பி" என்பார். அவருக்குக் கீழ் இரு இளைஞர்: ஒருவர் தவுலகலைப் பக்கத்துச் சிங்களப் பையன், மற்றவர் தோட்டத்துத் தமிழ்ப் பையன். இருவரையும் அவர் "மல்லி" என்றே அழைப்பார். எந்த மல்லி என்பது குரலின் திசையிலிருந்து அவர்களுக்கே விளங்கிவிடும்.

முதல் நாள் பழைய எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒரே பிண்டமாகச் செயின் புளொக்கிற் தூக்கி இறக்கினார்கள். இரண்டாம் நாள் புதிய எஞ்சினை வெறுமனே உள்ளே தொங்கவிட்டு, பாஸ் நெடுநேரம் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பார்வையே வேலையின் பாதி என்று பின்னர் அறிந்தோம். மொரிஸில் ஸ்டியரிங் றாக் எஞ்சினுக்குப் பின்னே, சாரதியின் கால்மாட்டுச் சுவரோடு பொருத்தப்பட்டிருக்கிறது. எஞ்சினை நினைத்தபடி பின்னே தள்ள முடியாது. முன்னே தள்ளினால் ரேடியேற்றருக்கு இடமில்லை. மேலே தூக்கினால் பொனற் மூடாது. கீழே இறக்கினால் எண்ணெய்த் தொட்டி மலைப்பாதைக் கல்லில் மோதும். இத்தனை மறுப்புகளுக்கும் நடுவே அரை அங்குலம் இடம் உண்டு. அந்த அரை அங்குலத்தைக் கண்டுபிடித்த பின்னரே இரும்புத் தகட்டை வெட்டித் தாங்கிகள் ஒட்டினார்கள்.

பிறகு சிறு வேலைகள் பல. மொரிஸில் பற்றறியின் நேர்முனை உடலோடு இணைந்திருக்கும். ஜப்பானிய எஞ்சினுக்கு எதிர்முனை இணைய வேண்டும். வயர் அனைத்தையும் மாற்றிக் கட்டினார்கள். எஞ்சினோடு சேர்ந்த பெற்றோல் பம்ப் இருந்தமையால் பழைய மின்சார பம்ப் வேண்டாததாயிற்று. சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று அடித்து, பெற்றோல் நிரம்பியதும் ஓய்ந்துவிடும் அந்த ஒலியைக் குழந்தைப் பருவத்திலிருந்து கேட்டு வளர்ந்த அயலவர், அது போவதற்குமாத்திரம் சற்று மனம் வருந்தினார். கிளட்ச் மிதிகட்டையின் இணைப்பு மாறியது. வேகமானி மைல்கணக்கிலேயே இருந்தது. கியர்பொக்ஸ் வேறாதலால் இனி அதன் முள் சொல்வதை நம்புவதற்கில்லை.

எம்மை மிகவும் கவர்ந்தது புரொப்பெல்லர் ஷாஃப்ட். முன் முனை சன்னியினுடையது, பின் முனை மொரிஸினுடையது. நடுவே குழாயை அளவாக வெட்டி ஒட்டி, கடைசல் பொறியில் ஏற்றிச் சமன்பார்த்தார்கள். பூட்டி ஓட்டினால், முப்பத்தைந்து மைல் வேகத்தில் வண்டி முழுவதும் அதிர்ந்தது. மூட்டு ஒன்று சாய்வாக நின்று சுழலும்போது, உட்செல்லும் சுழற்சி ஒரே சீராக இருந்தாலும் வெளிவரும் சுழற்சி ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். இரண்டாம் மூட்டு அதே அளவு சாய்ந்திருந்தாற்றான் முதல் மூட்டின் குற்றத்தை அது நீக்கும். ஆகவே கியர்பொக்ஸிலிருந்து வரும் தண்டும் பின் அச்சினுட் செல்லும் தண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாய் இருத்தல் வேண்டும். றொபேட் ஹூக் 17ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த மூட்டு இது. பல்கலைக்கழகத்திற் கோணங்களின் தான்சனைக் கொண்டு நிறுவுவார்கள். பாஸ் ஒரு தூக்குக்குண்டும் பாடசாலைப் பாகைமானியும் வைத்து இரண்டு தண்டின் சாய்வையும் அளந்தார், வேறுபாடு கண்டார், கியர்பொக்ஸின் பின் தாங்கியின் கீழே ஓர் இரும்பு ஆப்பை வைத்தார். அதிர்வு நின்றது.

"எத்தனை பாகைக்கு மேற் போனால் அதிரும் என்று எப்படித் தெரியும், நானா?" என்று கேட்டோம்.

"வண்டி சொல்லும்" என்றார்.

கராஜிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலே பேராதனைப் பொறியியற் பீடம் இருக்கிறது. 1960களின் நடுப்பகுதியில் கொழும்பிலிருந்து அங்கே வந்த பீடம். அணைகளையும் பாலங்களையும் கட்டிய பொறியியலாளர் பலரை நாட்டுக்குத் தந்தது. அதன் பெருமையைக் குறைப்பது எமது நோக்கமன்று. ஆனால் அங்கே கோணத்தைக் கணக்கிடுபவரும் இங்கே கோணத்தை அளப்பவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஒருவருக்கு ஏன் என்று தெரியும். மற்றவருக்கு எவ்வாறு என்று தெரியும். 1850களில் ஜோன் வோக்கர் என்பவர் கண்டியில் காப்பிக் கொட்டை உரிக்கும் பொறி செய்யும் பட்டறை அமைத்த நாள் தொட்டுத் தோட்டத் தொழிற்சாலைகளின் பிற்றர்கள் வழியே தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த அறிவு இது. எழுதப்படவில்லை, ஆகவே படிக்கவும்படவில்லை.

இன்னும் பின்னே செல்லலாம். கெலிஓயாவிலிருந்து தவுலகலை வழியே சென்றால் கடலாதெனியா, லங்காதிலகம், எம்பக்கே என்னும் மூன்று பழங்கோயில்கள். 1344இல் எழுந்த கடலாதெனியா விகாரையைக் கட்டிய தலைமைச் சிற்பி தென்னிந்தியாவிலிருந்து வந்த கணேஸ்வராச்சாரி. லங்காதிலகத்துப் பாறையில் சிங்களத்திலும் தமிழிலும் சாசனம் உண்டு. எம்பக்கே மண்டபத்துக் கூரையின் ஓரத்தில் 26 கைமரங்கள் ஒரே மர ஆணியில் வந்து பூட்டிக்கொள்கின்றன. அண்ணாந்து பார்த்தவர் எவரும் அதை மறவார். எமது சிங்கள மல்லி அந்த ஊர்ப் பக்கத்தவன். அந்த ஆணியைப் பற்றி அவனிடம் பேசினோம். "தெரியும் சேர், கழற்ற முடியாது" என்றான். அவன் கோயிலைப் பற்றிப் பேசவில்லை, பூட்டைப் பற்றிப் பேசினான்.

இனித் தகராறைச் சொல்லவேண்டும்.

எஞ்சின் பொருத்தியாயிற்று, ஓடிற்று, அதிர்வும் நின்றது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மூன்று நாள். அயலவர் சாவியைக் கேட்டார். பாஸ் கொடுக்கவில்லை. 1955ஆம் ஆண்டு வண்டியின் முன் பிரேக் டிரம் ஏழு அங்குலம். 30 குதிரை வலு உள்ள வண்டியை நிறுத்துவதற்கென்று செய்தது. இப்போது உள்ளே இருப்பது ஏறத்தாழ இரட்டிப்பு வலு. 1962இல் மொரிஸ் கம்பனியே எஞ்சினை 1,098 ஆக்கியபோது முன் டிரம்மை எட்டு அங்குலமாக்கியது. அந்த எட்டங்குல டிரம் கிடைக்கும்வரை வண்டி கராஜை விட்டுப் போகாது என்றார் பாஸ்.

"பிரேக்கைப் பிறகு பார்ப்போம் நானா. கையிலே காசு இல்லை. இந்தக் கிழமையும் சந்தைக்குப் போகாவிட்டால் எடுத்த கடனுக்கு வட்டி யார் கட்டுவது?"

"பிறகு பாக்கிறதெண்டா சாவியும் பிறகு, தம்பி. ஏத்தம் ஏறாட்டி வண்டி நிக்கும். எறக்கத்துல நிக்காட்டி நீங்க எங்க நிப்பீங்க?"

அயலவர் கொடியவர் அல்லர். இரண்டு பிள்ளைகளின் படிப்பும் ஒரு தாயின் மருந்தும் அந்த வண்டியின் முதுகில் இருக்கின்றன. பாஸும் பிடிவாதக்காரர் அல்லர். சாவியைக் கொடுத்தால் அன்றே கூலி கிடைத்திருக்கும். கொடுக்காமையால் தாமும் தம் இரு மல்லிகளும் அந்த வாரம் வெறுங்கையோடு போக நேர்ந்தது. வருடாந்த வருமான உத்தரவுப் பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனை உண்டு. புகையைப் பார்ப்பவர் பிரேக்கைப் பார்ப்பதில்லை. ஆகவே அந்தப் பரிசோதனை ஒன்றும் அவரைத் தடுக்கவில்லை.

எம்மை நடுவராய் அழைத்தார்கள். நாம் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தோம். பத்தாம் வகுப்பு மாணவரும் செய்யக்கூடிய கணக்கு. நுவரெலியா கடல் மட்டத்துக்குமேல் 1,868 மீற்றர். கெலிஓயா ஏறத்தாழ 500 மீற்றர். இறம்பொடை வளைவுகள் வழியே இறங்கும் உயரம் 1,300 மீற்றருக்கு மேல். வண்டியும் சுமையும் 1,200 கிலோ என்று கொண்டால், இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 1 கோடியே 50 இலட்சம் யூல். குளிர்ந்த நீரில் 45 லீற்றரைக் கொதிக்க வைப்பதற்கு அது போதும். காற்றும் கியரில் இறங்கும் எஞ்சினும் ஒரு பங்கைத் தாங்கும். மிகுதி முழுவதும் நான்கு இரும்புச் சட்டிகளுக்குள் வெப்பமாக இறங்கவேண்டும். பழைய எஞ்சின் இருந்தபோது ஏறமுடியாமையே சுமைக்கு ஓர் எல்லை இட்டது. இப்போது அந்த எல்லை போய்விட்டது, ஏறக்கூடிய அளவெல்லாம் ஏற்றுவார்கள், ஏற்றியது இறங்கியாகவேண்டும். சந்தைக்கு ஏறும்போது வெறும் வண்டி, இறங்கும்போதே பாரம் என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். நாம் பாஸின் பக்கம் நின்றோம். அயலவர் மூன்று நாள் எம்மோடு பேசவில்லை.

வழி ஒன்று எதிர்பாராத திசையிலிருந்து பிறந்தது. பழைய வண்டிகளைச் சேகரிக்கும் கொழும்புக் கனவான் ஒருவர் செய்தி அறிந்து வந்தார். எஞ்சினை மாற்றியது பெரும் பாவம் என்றார். வண்டியின் "அசல்" கெட்டுவிட்டது என்றார். மரபுச் சொத்து என்றார். கேட்டுக்கொண்டிருந்த எமக்குச் சிரிப்பு வந்தது. மொரிஸ் மைனரைச் சிந்தித்த இசிகோனிஸ் அதற்கு முதலில் எண்ணியது நான்கு சிலிண்டர்கள் தட்டையாய்ப் படுத்த வேறோர் எஞ்சினை. கம்பனி அதைக் கைவிட்டு, 1948இல் போருக்கு முந்திய 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினை வைத்து விற்றது. 1952இல் ஒஸ்டினும் மொரிஸும் ஒரே முதலாளித்துவக் குடையின்கீழ் இணைந்தபோது, ஒஸ்டின் ஏ30இன் எஞ்சினை எடுத்து மொரிஸுக்குள் வைத்தார்கள். ஆகவே 1955ஆம் ஆண்டு வண்டியின் "அசல்" எஞ்சினே இன்னொரு வீட்டிலிருந்து வந்த எஞ்சின். கம்பனி கணக்குப் பார்த்துச் செய்தால் அது வரலாறு. மரக்கறிக்காரர் வயிற்றுக்குச் செய்தால் பாவம்!

எனினும் அக்கனவான் ஒரு நன்மை செய்தார். இரும்புக் கடைக்கு நிறைக்குப் போகவிருந்த 803 எஞ்சினைக் கியர்பொக்ஸுடனும் டிக் டிக் பம்புடனும் நல்ல விலைக்கு வாங்கினார். வேறொரு மொரிஸுக்குத் தேவையாம். அந்தப் பணத்தில் கடுகண்ணாவைப் பக்கத்தில் உடைந்து கிடந்த பிற்கால மைனர் ஒன்றிலிருந்து எட்டங்குலப் பிரேக்குகள் வந்தன. புதிய லைனிங்கும் ரப்பர் உறுப்புகளும் இட்டார்கள். சாவி கைமாறியபோது ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் பாஸ் தாமே சாரதியின் பக்கத்தில் அமர்ந்து இறம்பொடை வரை ஏறி இறங்கிப் பார்த்தார். இறங்கி வந்து நான்கு சில்லுகளின் நடுவையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தேநீர் கேட்டார்.

தமிழ் மல்லியைப் பற்றிச் சொல்ல மறக்கலாகாது. சாதாரணதரப் பரீட்சையிற் கணிதம் தவறியதால் பாடசாலையை விட்டவன். பாகைமானியைப் பிடித்துக் கோணத்தை வாசித்துச் சொன்னவன் இவனே, சிறிதும் பிழைக்கவில்லை. கணித ஆசிரியராயிருக்கும் அன்பர்கள் இதைப் பற்றி எம்மோடு வாதிட விரும்பினால் வாதிடலாம். கராஜில் ஐந்தாண்டு கற்றும் கையில் ஒரு துண்டுச் சான்றிதழ் இல்லை. தேசிய தொழில் தகைமை முறையில், வேலையிலே கற்றவரைப் பரீட்சித்துச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். செய்த வேலைகளின் விபரத்தை ஒழுங்காக எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். வேலை செய்யத் தெரிந்தவனுக்கு அதைப் படிவத்தில் எழுதத் தெரியவில்லை. எழுதத் தெரிந்த எம்மவர் கராஜுக்குள் நுழைவதில்லை. சான்றிதழ் கிடைத்தால் அவன் வளைகுடாவுக்கோ கொரியாவுக்கோ போய்விடுவான் என்று பாஸுக்கு அச்சம் உண்டு. அச்சம் நியாயமானதே. ஆயினும் படிவத்தை எழுதச் சொல்லி அவனை எம்மிடம் அனுப்பியவர் அவரே.

இப்போது வாரத்தில் இரண்டு மாலை அவன் எமது வீட்டுக்கு வருகிறான். முதல் நாள் "செய்த வேலை" என்னும் கட்டத்தில் "எஞ்சின் மாத்தியது" என்று இரண்டே சொல் எழுதி நிறுத்தினான். தாங்கியை எங்கே வைப்பதென்று எப்படித் தீர்மானித்தீர்கள் என்று கேட்டோம். பென்சிலை எடுத்து, படிவத்தின் ஓரத்தில் வரையத் தொடங்கினான். அந்த ஓரம் போதவில்லை, பின்பக்கத்தையும் திருப்பினான். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போகவேண்டிய எஞ்சின் இலக்க மாற்ற விண்ணப்பமும் எமது மேசையிலேயே கிடக்கிறது. அயலவர் அதிற் கையொப்பமிட்டுவிட்டார். பாஸ் தரவேண்டிய கடிதம் ஒன்று பாக்கி. எழுதிக்கொண்டு வாருங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்து வைக்கிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.